பதினொன்றாம் வகுப்பும் அணைவுச் சேர்மங்களும்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் என் பேத்தி வேதியியல் புத்தகத்தோடு வந்து என் மேசையருகே அமர்ந்தாள். தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவள். அவளுடன் எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுப்பவரின் மகளும் வந்திருந்தாள். அவள் அரசுப் பள்ளியில் தமிழ்வழி மாணவி. பள்ளியும் பயிற்று மொழியும் வேறாக இருந்தும், இருவரும் ஒரே பாடத்தில் ஒரே இடத்தில் தடுக்கி நின்றார்கள். அந்தப் பாடம் அணைவு வேதியியல்.

நான் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வேதியியலை 1976-இல் புகுமுக வகுப்போடு விட்டுவிட்டேன். ஆகவே, அவர்களுக்குக் கற்பிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால், ஒரு பாடம் ஏன் புரியவில்லை என்று விசாரிப்பது முப்பதாண்டுகளுக்கும் மேலாக நான் செய்துவந்த வேலை. அந்த விசாரணை ஒரு வாரம் நீடித்தது. அதன் முடிவில் எனக்குப் புலப்பட்டது வேதியியலைப் பற்றிய உண்மை மட்டுமன்று. தமிழகப் பள்ளிக் கல்வி இப்போது எடுத்திருக்கும் ஒரு முடிவைப் பற்றிய கவலையும்கூட.

அந்த முடிவு வாசகர்கள் அறிந்ததே. 2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. 2017-18-இல் தொடங்கப்பட்ட அத்தேர்வு எட்டாண்டுகளுக்குள் விடைபெற்றிருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை பதின்பருவப் பிள்ளைகளுக்கு மிகையானது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால், அத்தேர்வு ஏன் கொண்டுவரப்பட்டது என்பதையும் மறந்துவிட முடியாது. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே நடத்திவந்தன. அந்த வழக்கத்தை நிறுத்தவே தேர்வு வந்தது. இப்போது தேர்வு போய்விட்டது. பழைய வழக்கம் திரும்புமா என்பதே கேள்வி. அதற்கு விடை தேட அணைவு வேதியியலைப் போன்ற உரைகல் வேறில்லை.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலாளர்களை ஒரு புதிர் வாட்டியது. கோபால்ட் குளோரைடும் அமோனியாவும் தனித்தனியே நிறைவு பெற்ற சேர்மங்கள். இணைதிறன் பற்றிய அன்றைய கணக்குப்படி இரண்டும் மேற்கொண்டு எதனோடும் சேரத் தேவையில்லை. ஆயினும் அவை சேர்ந்தன. ஒரு கோபால்ட்டுக்கு ஆறு அமோனியா சேர்ந்தால் மஞ்சள் நிறம். ஐந்து சேர்ந்தால் கருஞ்சிவப்பு. நான்கு சேர்ந்தால் பச்சை. மூன்றிலும் குளோரின் அணுக்கள் மூன்றுதான். ஆனால், கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினால் முதலாவதில் மூன்று குளோரைடுகளும் வெண்ணிற வீழ்படிவாக இறங்கின, இரண்டாவதில் இரண்டே இறங்கின, மூன்றாவதில் ஒன்றுதான். மற்றவை எங்கே போய் ஒளிந்துகொண்டன?

டென்மார்க்கின் யோர்கென்சன் இத்தகைய சேர்மங்களை ஆண்டுக்கணக்கில் தயாரித்து, அளந்து, அமோனியாக்கள் சங்கிலிபோல் கோத்திருப்பதாக விளக்கம் சொன்னார். 1893-இல் சுவிட்சர்லாந்தில் இருபத்தாறு வயதே ஆன ஆல்ஃபிரட் வெர்னர் வேறு விதமாக எண்ணிப் பார்த்தார். கோபால்ட் தன்னைச் சுற்றி எப்போதும் ஆறு இடங்களை வைத்திருக்கிறது. அமோனியா ஆறு இருந்தால் ஆறு இடங்களும் நிரம்பிவிடும். ஓர் அமோனியா குறைந்தால் அந்த இடத்தில் ஒரு குளோரின் உள்ளே வந்து அமரும். உள்ளே அமர்ந்த குளோரின் வெள்ளியின் அழைப்புக்கு வெளியே வராது. மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கு சட்டெனப் பொருந்திவிட்டது.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆறு இடங்களும் ஓர் எண்முகியின் ஆறு முனைகளாக இருக்குமானால், நான்கு அமோனியாவும் இரண்டு குளோரினும் உள்ள சேர்மம் இரண்டு வடிவங்களில் இருந்தாக வேண்டும்: குளோரின்கள் அருகருகே இருப்பது ஒன்று, எதிரெதிரே இருப்பது மற்றொன்று. பச்சை நிறச் சேர்மம் மட்டுமே அப்போது கையில் இருந்தது. அதன் இணை எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1907-இல் வெர்னர் ஊதா நிறத்தில் அந்த இணையைத் தயாரித்தளித்தார். யோர்கென்சன் தம் கொள்கையைக் கைவிட்டு வெர்னரின் கருத்தை ஏற்றுக்கொண்டார். 1913-இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கருத்து, கணிப்பு, சோதனை, தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மை என அறிவியலின் முழு நாகரிகமும் இந்த ஒரு கதையில் அடங்கியிருக்கிறது. பாடநூலிலும் வெர்னர் இருக்கிறார். வீழ்படிவுக் கணக்கும் இருக்கிறது. ஆனால், என் மேசையருகே அமர்ந்த இரு மாணவியரும் அதை 'வெர்னர் கொள்கையின் கோட்பாடுகள்' என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் விடையாக மட்டுமே அறிந்திருந்தார்கள். என் பேத்தி ஒரு சேர்மத்தின் பெயரை அரை நிமிடத்தில் பிழையின்றிச் சொன்னாள். எந்த ஈனி வலிமையானது, எது வலிமை குறைந்தது என்ற வரிசையை ஒரு குறுக்குவழி வாக்கியத்தைக் கொண்டு ஒப்பித்தாள். "வலிமை என்றால் என்னம்மா? எதை இழுக்கும் வலிமை?" என்று கேட்டேன். அவளிடம் விடையில்லை.

தமிழ்வழி மாணவி சற்று வேறு விதமாகத் தடுமாறினாள். பெயரிடுவதில் வேகம் குறைவு. ஆனால் அவள் கேட்டாள்: "சார், ஈனின்னா கொடுக்கிறதுன்னு அர்த்தமா? அப்படின்னா அது எதைக் கொடுக்குது?" ஈதல், ஈனுதல் என்ற சொற்களின் சாயல் அவளுக்கு அந்தக் கேள்வியைத் தந்திருக்கிறது. பாடம் முழுவதற்கும் திறவுகோல் அந்தக் கேள்விதான். அமோனியாவில் உள்ள நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இரட்டை ஒன்று இருக்கிறது. அதை அது உலோக அயனியோடு பகிர்ந்துகொள்கிறது. உலோக அயனியிடம் அதை ஏற்கக் காலி ஆர்பிட்டால்கள் இருக்கின்றன. கொடுப்பவரும் ஏற்பவரும் சேர்ந்தால் அணைவு.

எலக்ட்ரான் இரட்டை என்றால் என்ன, ஆர்பிட்டால் என்றால் என்ன, ஐந்து டி ஆர்பிட்டால்கள் எந்தெந்தத் திசைகளில் நீள்கின்றன, இனக்கலப்பு எதற்கு? இவை எவையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் அல்ல. அணு அமைப்பும் வேதிப்பிணைப்பும் பதினொன்றாம் வகுப்பில் இருக்கின்றன. ஐந்து ஆர்பிட்டால்களில் இரண்டு, எண்முகியின் முனைகளை நோக்கி நீள்வன. மூன்று, முனைகளுக்கு இடையே நீள்வன. முனைகளில் ஈனிகள் வந்து நின்றால் முதல் இரண்டின் ஆற்றல் மற்ற மூன்றைவிட உயரும். அந்த இடைவெளிக்கு ஏற்ற ஒளியை எலக்ட்ரான் உறிஞ்சுவதால் பெரும்பாலான அணைவுகளுக்கு நிறம் வருகிறது. இடைவெளியைப் பெரிதாக்கும் ஈனி வலிமையானது. என் பேத்தியிடம் நான் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். ஆர்பிட்டால்களின் வடிவத்தை மனக்கண்ணில் காணாதவர்க்கு இந்த வாக்கியங்கள் வெறும் ஒலி.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்விருவரும் 2025 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதித் தேறியவர்கள். வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். ஆகவே, 'தேர்வு இருந்தால் அடித்தளம் தானே வலுப்பட்டுவிடும்' என்று நான் வாதிட்டால் அது நேர்மையாகாது. தேர்வு பாடத்தை நடத்த வைத்தது, புரிய வைக்கவில்லை. எனினும், நடத்தப்பட்ட பாடத்தை மீண்டும் நினைவூட்டலாம். ஒரு வார விடுமுறையில் பழைய நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத்தான் நாங்கள் செய்தோம். நடத்தப்படாத பாடத்தை என்ன செய்வது?

இது கற்பனைக் கவலையன்று. என் பேத்தியின் தோழி ஒருத்தியின் தம்பி இப்போது பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய பள்ளியில் அரையாண்டுக்கு முன்பே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் தொடங்கிவிட்டன. அவனுடைய பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நூலின் இரண்டாம் தொகுதியைப் பார்த்தேன், அட்டைகூட மடங்கவில்லை. ஒரு பள்ளியைக் கொண்டு மாநிலத்தை எடைபோடக் கூடாதுதான். ஆனால், ஒரு பள்ளி ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் பொருளியல் நன்றாகவே விளக்கும்.

பெங்த் ஹோம்ஸ்ட்ராம், பால் மில்குரோம் என்ற இரு பொருளியலாளர்கள் 1991-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் இது: ஒருவரிடம் பல பணிகளை ஒப்படைத்து, அவற்றில் எளிதில் அளக்கக்கூடிய ஒன்றுக்கு மட்டும் வெகுமதி அளித்தால், அவர் மற்றப் பணிகளிலிருந்து உழைப்பை எடுத்து அந்த ஒன்றில் கொட்டுவார். அது அவருடைய குணக்கேடன்று. அந்த ஏற்பாட்டின் விளைவு. ஆசிரியரையும் தேர்வையும் அவர்களே எடுத்துக்காட்டாகப் பேசியிருக்கிறார்கள். பள்ளிக்கு இரண்டு பணிகள்: அடித்தளம் அமைப்பது, மதிப்பெண் எடுக்க வைப்பது. பள்ளி வாசலில் தொங்கும் விளம்பரப் பதாகையில் இரண்டாவது மட்டுமே இடம்பெறும். பதினொன்றாம் வகுப்புக்கு அளவுகோல் இல்லையென்றால், அந்த ஓராண்டு உழைப்பு முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பை நோக்கி ஒழுகுவதில் வியப்பில்லை.

நீட் தேர்வு இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேட்கிறதே, அந்த அச்சம் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாதா என்று கேட்கலாம். ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால், யாரை? 2025 நீட் தேர்வில் 180 நிமிடங்களுக்கு 180 வினாக்கள், வேதியியலுக்கு 45. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் ஆர்பிட்டாலை மனக்கண்ணில் வரைய நேரமேது? குறுக்குவழி வாக்கியமே கைகொடுக்கும். அதைக் கற்றுத்தரப் பயிற்சி மையம் இருக்கிறது. கட்டணம் செலுத்தக் கூடியவர்கள் போகிறார்கள். பள்ளி விட்ட இடைவெளியைச் சந்தை நிரப்புகிறது, ஆனால் விலைக்கு. துணி தேய்ப்பவரின் மகளுக்குப் பள்ளி நடத்தாத பாடம் என்றைக்கும் நடத்தப்படாத பாடமே. பொதுத்தேர்வு நீக்கத்தால் எல்லோருக்கும் சுமை குறைகிறது. அதனால் வரும் இழப்போ எல்லோருக்கும் சமமாக இல்லை.

'போகட்டும், அணைவுச் சேர்மம் புரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?' என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். நம் இரத்தத்தின் சிவப்பு அணைவு வேதியியல். ஹீமோகுளோபினில் நடுவே இரும்பு. சுற்றிலும் அதைப் பிடித்திருக்கும் நைட்ரஜன்கள். எஞ்சிய ஓர் இடத்தில் ஆக்சிஜன் வந்து அமர்ந்து, தேவையான இடத்தில் இறங்கிக்கொள்கிறது. அதே இடத்தைக் கார்பன் மோனாக்சைடு 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு கைப்பற்றிக்கொள்கிறது. மூடிய அறையில் கரியடுப்பை எரியவிட்டு உறங்கியவர்கள் விழிக்காமலே போவது இதனால்தான். இலையின் பச்சையத்தில் நடுவே இருப்பது மெக்னீசியம். வைட்டமின் பி12-இல் கோபால்ட்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கியதும் தேநீர் குடிக்காதீர்கள் என்று செவிலியர்கள் சொல்கிறார்கள். ஏன்? தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் ஈனிகளாகி இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. காரணம் அறிந்த மாணவி தன் தாயிடம் இதைச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை கூடும்.

பிளாட்டினத்தைச் சுற்றி இரண்டு அமோனியாவும் இரண்டு குளோரினும் உள்ள சேர்மம் 1840-களிலேயே தயாரிக்கப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாக்கள் மீது மின்புலத்தின் விளைவை ஆராயும்போது, பிளாட்டின மின்வாயிலிருந்து உருவான சேர்மங்கள் செல் பிளவதைத் தடுப்பதைக் கண்டார். அந்த வழியில் வந்த சிஸ்பிளாட்டின் 1978-இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இன்றும் நம் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. குளோரின்கள் அருகருகே இருந்தால் மருந்து. எதிரெதிரே இருந்தால் அந்தப் பயன் இல்லை. 'வடிவ மாற்றியம்' என்ற தலைப்பில் மாணவர்கள் வரையும் இரண்டு சிறு படங்களுக்கு இடையே உள்ள தொலைவு இவ்வளவு.

கோலார் தங்கவயலில் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் தலைமுறைகளாக வெட்டியெடுத்த பாறைத்தூளிலிருந்து தங்கத்தைப் பிரித்ததும் அணைவு வேதியியலே. எதிலும் எளிதில் கரையாத தங்கம், சயனைடு ஈனியாக வரும்போது நீரில் கரைந்துவிடுகிறது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது; கழிவு மண்மேடுகள் இன்றும் நிற்கின்றன. பாடம் வாழ்க்கையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை.

என்ன செய்யலாம்? பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை மீண்டும் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். அதைவிட எளிய வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் வினாத்தாளை மாற்றுவது. வேதியியல் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் பத்து மதிப்பெண்ணையேனும், பதினொன்றாம் வகுப்புக் கருத்துகளைப் பயன்படுத்தினாலன்றி விடை எழுத முடியாத வினாக்களுக்கு ஒதுக்கலாம். 'வெர்னர் கொள்கையின் கோட்பாடுகளை எழுதுக' என்பதற்குப் பதிலாக, நிறமும் வீழ்படிவு அளவும் கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுத்து, 'இச்சேர்மங்களின் அமைப்பைக் காரணத்தோடு ஊகித்து எழுதுக' என்று கேட்கலாம். மனப்பாடம் அங்கே செல்லாது. எதை அளக்கிறோமோ அதை நோக்கியே பள்ளி உழைக்கும் என்றால், அளவுகோலை அடித்தளத்தின் மீது வைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, ஆய்வகத்தையும் வகுப்பறையையும் இணைப்பது. செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு உண்டு. தாமிர உப்புக் கரைசலில் அமோனியாவை மிகுதியாகச் சேர்த்தால் அடர்நீலம். நிக்கலுக்கு டைமெத்தில் கிளையாக்சிம் சேர்த்தால் செந்நிற வீழ்படிவு. ஃபெர்ரிக் அயனிக்குத் தயோசயனேட்டு சேர்த்தால் இரத்தச் சிவப்பு. இவையெல்லாம் அணைவுகள். புகுமுக வகுப்பில் நானும் அந்த அடர்நீலத்தைப் பார்த்திருக்கிறேன். குறிப்பேட்டில் 'தாமிரம் உள்ளது' என்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். நீலம் ஏன் வந்தது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, என் பேத்தியின் செய்முறைக் குறிப்பேட்டிலும் அதே மூன்று பத்திகள்: சோதனை, காண்பன, அறிவன. 'காரணம்' என்று நான்காவதாக ஒரு பத்தி சேர்க்கச் செலவு ஏதுமில்லை.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பின் முதல் மூன்று வாரங்களை இணைப்புப் பாடங்களுக்கென ஒதுக்கி, அந்த வாரங்களில் என்ன நடத்தப்பட்டது என்பதைக் கல்வித் துறை நேரில் ஆய்வு செய்வது. பொதுத்தேர்வு எழுதாமல் வரும் முதல் அணி 2026 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழையும். 2027 மார்ச்சில் தேர்வு எழுதும். ஆயத்தம் செய்ய அதிக காலம் இல்லை.

விடுமுறையின் கடைசி நாளில் இரு மாணவியரும் தங்களுக்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கோபால்ட்டோடு மூன்று அமோனியாவும் மூன்று குளோரினும் சேர்ந்தால், வெள்ளி நைட்ரேட்டுக்கு எத்தனை குளோரைடு இறங்கும்? பாடநூலில் தேடவில்லை, தாளில் எண்முகியை வரைந்தார்கள். ஆறு இடங்களும் நிரம்பிவிட்டன. "ஒன்றுமே இறங்காது தாத்தா" என்றாள் பேத்தி. மற்றவள் சற்று யோசித்து, "சார், இதுக்கும் ரெண்டு வடிவம் வரும்" என்று சொல்லி, இரண்டையும் வரைந்து காட்டினாள். அவள் சொன்னது சரி.

அதற்கு எந்த மதிப்பெண்ணும் இல்லை. அவளுக்கு அந்த ஒரு வாரம் கிடைத்தது, பதினொன்றாம் வகுப்பில் யாரோ ஓர் ஆசிரியர் ஆர்பிட்டாலைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருந்ததால்தான். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கும் அந்தக் கரும்பலகை கிடைக்கும் என்பதை அரசு உறுதி செய்ய வேண்டும்.